செக்கப் தேதி நெருங்கும்போது வரும் பயம்: மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, இப்போது செக்கப்புக்கு மட்டும் போய்வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிகிச்சை நடந்தபோது வீட்டுக்கே தைரியம் சொன்ன பெண்கள், எல்லாம் முடிந்தபின் வரும் முதல் செக்கப்பில் உடைந்துபோவதை ஓபி வரிசையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நானும் அந்த வரிசையில் ஃபைலோடு உட்காருகிறவள்தான். சிகிச்சை நடக்கும்போது தினமும் ஏதாவது ஒரு வேலை இருக்கும், யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது நின்றதும் "திரும்பி வந்துவிட்டால்?" என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பயத்தை அடக்குவதில் இருந்து தொடங்குகிறார்கள். தியானம், மூச்சுப்பயிற்சி, "நினைக்காதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. இரண்டு நாளில் தோற்றுப்போகிறார்கள். "இந்த வலியைக் கவனிக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?" என்பதற்கு விடை தெரியாதவரை மனம் அதையே கேட்டுக்கொண்டிருக்கும். அதனால் முதலில் மருத்துவரிடமிருந்து விதி, பிறகு பழக்கங்கள், அதற்கப்புறம்தான் மனப்பயிற்சி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டும் பேனாவும். ஃபோனில் எழுத வேண்டாம். ஃபோனைக் கையில் எடுத்தால் விரல் தானாகத் தேடுபொறிக்குப் போய்விடும்.

ஒழுங்குபடுத்திய ஃபைல். டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு மூன்றும் மேலே. ஸ்கேன், மேமோகிராம் ரிப்போர்ட்டுகள் தேதி வரிசையில் கீழே. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்களும் சிடியும் வேண்டும். பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் தெரிவது புதிதா, ஆபரேஷன் தழும்பா என்று ரேடியாலஜிஸ்டால் சொல்ல முடியும். பழைய படம் இல்லாததாலேயே "உறுதியாகச் சொல்ல இயலவில்லை" என்று எழுதிக்கொடுத்து, அதை வைத்து ஒரு குடும்பமே தூக்கம் இழப்பதுண்டு.

கூட வர ஓர் ஆள். உங்கள் மேல் அதிகப் பாசம் உள்ளவர் என்பதற்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். மருத்துவர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளக்கூடியவர், உங்களைவிட அதிகமாகப் பயப்படாதவர் வேண்டும். கணவரைவிட நாத்தனாரோ பக்கத்து வீட்டு அக்காவோ இதற்குப் பொருத்தமாக இருக்கலாம்.

செக்கப் தேதிக்கு மூன்று வாரம் முன்பாவது தொடங்குங்கள். முதல் படி மட்டும் மருத்துவரைப் பார்க்கும்போதுதான் முடியும், அதனால் அதை முந்தைய செக்கப்பிலேயே முடித்துவைப்பது நல்லது. அப்போது கேட்கத் தவறியிருந்தால், கீழே உள்ள பொதுவான பட்டியலை வைத்துக்கொண்டு இந்த முறையைக் கடந்துவிட்டு, மருத்துவர் அறையில் இருந்து வெளியே வருவதற்குள் கேட்டுவிடுங்கள்.

1. எப்போது கூப்பிட வேண்டும் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்

ஓபியில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். "எனக்குப் பயமா இருக்கு டாக்டர்" என்று தொடங்கினால் "பயப்படாதீங்கம்மா, நல்லா இருக்கீங்க" என்ற பதிலோடு அது முடிந்துவிடும். அந்த ஆறுதல் பேருந்து நிறுத்தம் வரைக்கும்கூடத் தாங்காது. அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்.

என்ன அறிகுறி வந்தால் செக்கப் தேதிவரை காத்திருக்காமல் வர வேண்டும்? அப்படி வந்தால் யாரை, எந்த எண்ணில் கூப்பிடுவது? அடுத்த ஒரு வருடத்துக்கு எனக்கு என்னென்ன டெஸ்ட், எந்த மாதத்தில்?

முதல் கேள்விக்குப் பொதுவாக வரும் பதில் இதுதான். மார்பிலோ அக்குளிலோ கழுத்திலோ புதிய கட்டி. தழும்பின் மேல் புதிதாகத் தோன்றும் முடிச்சு அல்லது தோல் மாற்றம். ஒரே இடத்தில் நின்று, நாளுக்கு நாள் கூடி, படுத்தாலும் விடாத எலும்பு வலி. விடாத இருமல், மூச்சுத்திணறல். காரணமில்லாத எடைக்குறைவு. வாந்தியோடு கூடிய, முன்பு இல்லாத தலைவலி. கண் மஞ்சளாவது. கட்டி, மஞ்சள், மூச்சுத்திணறல், வாந்தியோடு தலைவலி போன்றவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். லேசான வலி, சளி இருமல் போன்றவற்றுக்கு "இரண்டு வாரம் பார், குறையாவிட்டால் வா" என்பதுதான் பல மருத்துவர்கள் தரும் விதி. உங்கள் மருத்துவர் சொல்வது இதிலிருந்து மாறினால் அவர் சொல்வதையே எழுதிக்கொள்ளுங்கள்.

இதை எழுத்தில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. நள்ளிரவில் நெஞ்சு படபடக்கும்போது நினைவு நம்பகமாக இருக்காது. மருத்துவர் சொன்னதையே "அவர் சும்மா ஆறுதலுக்குச் சொன்னார்" என்று மனம் மாற்றிக்கொள்ளும். தாளில் இருப்பது மாறாது.

மூன்றாவது கேள்வியில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது, சற்று நின்று சொல்கிறேன். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்குப் பரவலாகப் பின்பற்றும் முறை மிக எளிமையானது. முதல் 3 வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதனை, அடுத்த 2 வருடம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை. கூடவே வருடம் ஒரு மேமோகிராம். அவ்வளவுதான். பெட் ஸ்கேன் (கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி உடம்பு முழுக்க எடுக்கும் படம்), எலும்பு ஸ்கேன், சிஏ 15-3 போன்ற ரத்தப் பரிசோதனைகள் வழக்கமான செக்கப்பில் சேர்வதில்லை.

இதைக் கேட்டதும் பலர் "செலவாகும் என்று சொல்லாமல் விடுகிறார்களோ?" என்று சந்தேகப்படுகிறார்கள். இல்லை. 1994-இல் வெளியான இரண்டு இத்தாலிய ஆய்வுகளில், அடிக்கடி ஸ்கேன் எடுத்தவர்களையும் சாதாரணச் செக்கப் மட்டும் செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். அடிக்கடி ஸ்கேன் எடுத்ததால் ஆயுள் கூடவில்லை. ஆனால் ஒவ்வொரு ஸ்கேனிலும் தற்செயலாக ஏதாவது ஒரு புள்ளி தென்படலாம், அந்தப் புள்ளிக்கு இன்னொரு ஸ்கேன், அதற்குப் பயாப்ஸி என்று போகும். தனியார் லேபில் நீங்களே பணம் கட்டி எடுத்துக்கொள்ளும் "ஃபுல் பாடி பேக்கேஜ்" மன நிம்மதிக்கு என்று தொடங்கி நிம்மதியைக் கெடுப்பது இப்படித்தான். உங்கள் நோயின் நிலையைப் பொறுத்து மருத்துவர் கூடுதல் டெஸ்ட் சொன்னால் அது வேறு விஷயம், அதைச் செய்துகொள்ளுங்கள்.

2. உங்கள் மருந்து என்னென்ன வலி தரும் என்று எழுதிவையுங்கள்

பயத்தில் வருகிறவர்கள் சொல்லும் வலிகளில் நிறையவற்றுக்கு, ஃபைலில் இருக்கும் மாத்திரைச் சீட்டிலேயே காரணம் இருக்கும். ஆனால் அதை யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் சாப்பிடுகிறவர்களுக்கு மூட்டு வலி மிகச் சாதாரணம். காலையில் எழுந்ததும் விரல் மடங்காது, முழங்கால் பிடித்துக்கொள்ளும், நடக்க நடக்க இளகும், பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். "எலும்புக்குப் பரவிவிட்டது" என்று பயந்து வரும் பலரிடம் நான் முதலில் கேட்பது எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுதான். முதல் படியில் சொன்ன, ஒரே இடத்தில் நின்று கூடிக்கொண்டே போகும் வலியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

டமாக்ஸிஃபென் சாப்பிட்டால் திடீரென உடம்பு கொதிக்கும், வேர்க்கும், தூக்கம் கெடும். இரவில் வேர்த்து எழுவதை நோயின் அறிகுறி என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் இந்த மருந்தில் இரண்டு விஷயங்களை அலட்சியப்படுத்தக் கூடாது. மாதவிலக்கு நின்றபிறகோ முறை தவறியோ வரும் ரத்தப்போக்கு. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலிப்பது. இரண்டுக்கும் உடனே மருத்துவமனைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

பேக்லிடாக்ஸெல் கீமோ எடுத்தவர்களுக்குக் கை கால் விரல்களில் மரத்துப்போதலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் சிகிச்சை முடிந்து மாதக்கணக்கில் நீடிக்கலாம். அக்குளில் நெறிக்கட்டி எடுத்தவர்களுக்கு மேல்கையின் உள்பக்கம் மரத்திருக்கும், அவ்வப்போது சுரீரென்று இழுக்கும். கரண்ட் (ரேடியேஷன்) வைத்த பக்கம் நெஞ்சுத் தோல் இறுகும், விலா தொட்டால் வலிக்கும்.

இவற்றோடு பயமே உடம்பில் செய்யும் வேலையும் உண்டு. படபடப்பு, தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருப்பது, வயிறு கலக்கிக்கொண்டு போவது, வேகமாக மூச்சு வாங்குவதால் உதடும் விரல்நுனியும் மரப்பது. இதையும் பட்டியலில் சேருங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வையோடு கைக்கோ தாடைக்கோ பரவினால் "இது பயம்தான்" என்று படுத்துவிடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

3. ஒரு வாரம் உங்களையே கவனித்து எழுதுங்கள்

இந்த வாரத்தில் எதையும் மாற்ற வேண்டாம். பயம் வந்தபோது என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் குறியுங்கள். அக்குளைத் தொட்டுப் பார்த்தது, தேடிப் படித்தது, "இது வீங்கியிருக்கா பாருங்க" என்று கணவரைக் கேட்டது, பழைய ரிப்போர்ட்டை மறுபடி வாசித்தது, கூட சிகிச்சை எடுத்தவருக்கு ஃபோன் போட்டது. ஒவ்வொன்றின் எதிரிலும் எவ்வளவு நேரம் நிம்மதியாக இருந்தது என்றும் எழுதுங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். வார முடிவில் பார்த்தால் ஆறுதல் அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோதான் நின்றிருக்கும். பிறகு பயம் திரும்ப வந்திருக்கும், மறுபடி தொட்டுப் பார்த்திருப்பீர்கள். சொறியச் சொறிய அரிப்பு கூடுவதுபோல, சரிபார்க்கச் சரிபார்க்கச் சந்தேகம் கூடுகிறது. ஒவ்வொரு முறை சரிபார்க்கும்போதும் "இங்கே ஆபத்து இருக்கிறது, அதனால்தான் பார்க்கிறோம்" என்று மூளை கற்றுக்கொள்கிறது. இதை அடுத்தவர் சொன்னால் மனம் ஏற்காது. உங்கள் கையெழுத்தில் உள்ள ஒரு வாரக் கணக்கைப் பார்த்தால் ஏற்கும். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் அடுத்த படியில் நிச்சயம் நின்றுவிடுகிறார்கள்.

4. பழக்கங்களை ஒவ்வொன்றாகக் குறையுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். பயம் ஒரேயடியாக எகிறும், மூன்றாம் நாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கீழ்க்கண்ட வரிசையில் குறையுங்கள்.

முதலில் தேடிப் படிப்பது. இதைக் குறைப்பது ஓரளவு எளிது, பலனும் சீக்கிரம் தெரியும். தேடலில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் மோசமான கதைகளே. நன்றாக இருப்பவர்கள் அதைப்பற்றி எழுதிக்கொண்டிருப்பதில்லை. தோன்றும் கேள்வியை நோட்டில் எழுதி "டாக்டரிடம் கேட்க" என்று தலைப்பிடுங்கள். கேள்வியை விடவில்லை, கேட்கும் இடத்தை மாற்றியிருக்கிறீர்கள். வீடியோக்களும் இதில் அடக்கம்.

அடுத்தது, வீட்டில் இருப்பவர்களைக் கேட்பது. இதற்கு அவர்களின் ஒத்துழைப்பு வேண்டும், அதனால் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள். "இது ஒண்ணும் இல்லைல்ல?" என்று நீங்கள் கேட்டால் "ஒண்ணும் இல்லை" என்ற பதில் வரக் கூடாது. "கேட்கணும்போல இருக்கா? லிஸ்ட்ல இருக்கான்னு பார்ப்போமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். முதல் படியில் வாங்கிய பட்டியலில் இருந்தால் மருத்துவமனைக்குக் கூப்பிடுவது, இல்லாவிட்டால் வேறு பேச்சுக்குப் போவது. முதலில் இது கல்நெஞ்சமாகத் தோன்றும். கணவர்கள் "பாவம், அழுவுறாளே" என்று உருகி மூன்றாம் நாளே பழைய பதிலைச் சொல்லிவிடுவார்கள். ஒரு தோளணைப்புத் தரலாம், கூடவே உட்காரலாம், காபி போட்டுத் தரலாம். உத்தரவாதம் மட்டும் தரக் கூடாது. ஏனென்றால் அது அவர் கையில் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், அதனால்தான் அந்தப் பதில் மனதில் நிற்பதில்லை.

கடைசியாகத் தொட்டுப் பார்ப்பது. இதுதான் மிகக் கடினம், அதனால்தான் கடைசியில் வைத்திருக்கிறேன். முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், குளிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். தினம் பலமுறை அழுத்திக்கொண்டிருந்தால் அந்த இடம் நோகும், சிவக்கும், தடித்ததுபோல் ஆகும். பிறகு அந்த நோவே புதிய பயத்துக்குக் காரணமாகும். மேலும் தினமும் பார்க்கும் கைக்கு மாற்றம் தெரியாது. மாதம் ஒருமுறை பார்த்தால்தான் உண்மையான மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடியும். தினம் இருபது முறை என்று இருந்தால் முதலில் ஐந்து முறை, பிறகு காலை ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை என்று இறக்குங்கள்.

இதற்கு நேர்மாறாக இருப்பவர்களும் உண்டு. குளிக்கும்போது அந்தப் பக்கமே கை வைக்க மாட்டார்கள், கண்ணாடி பார்க்க மாட்டார்கள், செக்கப் தேதியைத் தள்ளிப்போடுவார்கள். "பார்த்தால்தானே தெரியும்" என்று வெளியே சொல்வார்கள், உள்ளே அதே பயம்தான் இருக்கும். இவர்கள் எதிர்த்திசையில் நடக்க வேண்டும். முதல் வாரம் சோப்பு போடும்போது கை பட விடுவது, அடுத்த வாரம் கண்ணாடியில் பார்ப்பது, அதற்கடுத்து மாதாந்திரப் பரிசோதனை. தேதியைத் தள்ளிப்போடுகிறவர்களை வீட்டார் "தைரியசாலி, கவலையே படுவதில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அது ஆபத்து.

5. கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள்

மாலை 5 மணிக்கு மேல், ஆனால் படுக்கப்போகும் நேரத்துக்கு நன்றாக முன்னால், 20 நிமிடம். ஒரே நாற்காலி. பகலில் கவலை வந்தால் ஒரு வரி நோட்டில் எழுதி, "மாலையில் பார்க்கலாம்" என்று வைத்துவிடுங்கள். நினைக்காதே என்று சொன்னால் மனம் அதையே நினைக்கும். பிறகு நினைக்கலாம் என்றால் சற்று விட்டுக்கொடுக்கும்.

அந்த 20 நிமிடத்தில் எழுதிய ஒவ்வொன்றையும் பாருங்கள். "ஸ்கேன் அன்று குழந்தையை யார் பள்ளியில் இருந்து கூட்டிவருவது?" என்பது செய்யக்கூடியது, உடனே யாரிடம் சொல்வது என்று முடிவெடுங்கள். "திரும்பி வந்துவிட்டால் என் குழந்தைகள்?" என்பதற்கு இன்று விடை இல்லை. அதை எழுதுங்கள், அழுகை வந்தால் அழுங்கள், 20 நிமிடம் முடிந்ததும் எழுந்து அடுப்படிக்கோ வாசலுக்கோ போங்கள். எழுந்து இடம் மாறுவது அவசியம், அதே நாற்காலியில் டிவி பார்த்தால் கவலை தொடரும்.

இரவு 2 மணிக்கு விழிப்பு வந்தால் இதே விதிதான்: ஒரு வரி எழுதிவிட்டுப் படுங்கள். அந்த நேரத்தில் ஃபைலைத் திறக்கக் கூடாது.

6. படபடப்பு வரும்போது

மெதுவாக மூக்கால் மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள். 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுவது பலருக்குச் சரியாக வருகிறது. சில நிமிடம் போதும். ஆழமாக இழுத்து இழுத்து விடுவது தவறு, அது தலைசுற்றலைக் கூட்டும். சாதாரண நாட்களில் பழகிவைத்தால்தான் ஸ்கேன் அறையில் கைகொடுக்கும்.

7. டெஸ்ட் நாள்

என்ன நடக்கப்போகிறது என்று முன்பே தெரிந்தால் பாதிப் பதற்றம் குறையும்.

மேமோகிராமில் மார்பகத்தை அழுத்திப் படமெடுப்பார்கள், சில நொடி வலிக்கும். கரண்ட் வைத்த பக்கம் கூடுதலாக நோகும், டெக்னீஷியனிடம் முன்பே சொல்லுங்கள். பவுடர், வாசனைத் திரவியம் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அது படத்தில் புள்ளிகளாக விழலாம். "இன்னொரு படம் எடுக்கணும்" என்று திரும்ப அழைத்தால் உடனே குலை நடுங்க வேண்டாம். கோணம் சரியாக விழாததாலும் அப்படிக் கூப்பிடுவதுண்டு.

சிடி ஸ்கேனில் மருந்து ஏற்றும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை வரும், சிறுநீர் வந்துவிட்டது போலத் தோன்றும். முன்பே தெரியாதவர்கள் "எனக்கு ஏதோ ஆகிறது" என்று பதறுகிறார்கள். சற்று நேரத்தில் போய்விடும். ஆனால் அரிப்பு, மூச்சு இறுக்கம் வந்தால் அங்கேயே சொல்லுங்கள்.

பெட் ஸ்கேன் சொல்லியிருந்தால் அரை நாள் ஒதுக்குங்கள். சுமார் 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மாத்திரை, இன்சுலின் பற்றி முந்தைய நாளே ஸ்கேன் மையத்தில் கேளுங்கள். சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ஸ்கேனைத் தள்ளிவைத்துவிடுவார்கள், மீண்டும் ஒரு வாரக் காத்திருப்பு. முந்தைய நாள் கடுமையான உடல் உழைப்பு வேண்டாம், தசைகள் மருந்தை உறிஞ்சிப் படத்தைக் குழப்பும். ஊசி போட்டபின் சுமார் ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருக்க வேண்டும். குளிரில் நடுங்குவதும் படத்தைக் கெடுக்கும் என்பதால் ஒரு சால்வை கொண்டுபோங்கள். அந்தத் தனிமையான ஒரு மணி நேரத்துக்குத்தான் 6-ஆம் படியைப் பழகச் சொன்னேன். அன்று கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் நெருங்காமல் இருக்கச் சொல்வார்கள், பேரக்குழந்தை வீட்டில் இருந்தால் முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

டெக்னீஷியனின் முகத்தைப் படிக்க முயலாதீர்கள். அவர் நாள் முழுக்கப் படமெடுக்கிறார், களைப்பில் முகம் சுருங்கியிருக்கும். "அவங்க என்னைப் பாவமா பார்த்தாங்க" என்று ஒரு வாரம் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், ரிசல்ட் நன்றாகவே வந்தது.

8. ரிசல்ட் வரும்வரை உள்ள நாட்கள்

எல்லாவற்றிலும் கடினமான கட்டம் இதுதான். இதில் ஒரு முடிவை டெஸ்டுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்: ரிப்போர்ட்டை யார் முதலில் பார்ப்பது?

இப்போது லேபில் இருந்து வாட்ஸ்அப்பிலேயே பிடிஎஃப் வந்துவிடுகிறது. மருத்துவரைப் பார்க்க இன்னும் மூன்று நாள் இருக்கும். இடையில் அந்தத் தாளோடு தனியாக இருப்பது கொடுமை. கூட வரும் ஆளின் எண்ணையே லேபில் கொடுங்கள். அவர் அதைத் திறக்காமல் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைக்கட்டும், மருத்துவர் முன்னால் திறக்கலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அவசரமாக எதுவும் இருந்தால் மருத்துவமனையோ லேபோ அவரைக் கூப்பிடும், அப்போது அவர் உங்களிடம் மறைக்கக் கூடாது. மறைக்கமாட்டார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் மற்ற நேரத்து மௌனத்தைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பீர்கள்.

உறவினர்களுக்குத் தேதியைச் சொல்லாதீர்கள். "அண்ணி, ரிசல்ட் வந்துடுச்சா?" என்று ஆறு பேர் ஃபோன் செய்தால் ஆறு முறை வயிற்றில் புளி கரையும். அக்கறையில் கேட்கிறார்கள், சரிதான். "நானே சொல்றேன்" என்று ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படியும் தாளைப் பார்த்துவிட்டீர்கள் என்றால், சில சொற்களின் பொருள் தெரிந்திருக்கட்டும். "அன்ரிமார்க்கபிள்" என்றால் குறிப்பிடும்படி எதுவும் இல்லை, நல்லது. "போஸ்ட் ட்ரீட்மென்ட் சேஞ்சஸ்" என்றால் ஆபரேஷனும் ரேடியேஷனும் விட்டுப்போன தடயம். "சப்சென்டிமெட்ரிக் நோட்ஸ்" என்றால் 1 செ.மீ.-க்குக் குறைவான நெறிக்கட்டிகள், நோயே இல்லாதவர்களிடமும் இருக்கும். "இன்டிடர்மினேட்" என்றால் இந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, கெட்டது என்று பொருளில்லை. "கிளினிகல் கோரிலேஷன்" என்பது, உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர் படத்தோடு சேர்த்துப் பார்த்து முடிவு செய்யட்டும் என்று ரேடியாலஜிஸ்ட் எழுதும் வழக்கமான வரி.

மேமோகிராம் ரிப்போர்ட்டில், படத்தில் தெரிவதை வகைப்படுத்தும் பைராட்ஸ் எண் இருக்கும். 1, 2 என்றால் கவலையில்லை. 0 என்றால் படம் போதவில்லை, இன்னும் பார்க்க வேண்டும். 3 என்றால் பெரும்பாலும் சாதாரணம், சில மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். 4, 5 என்றால் பயாப்ஸி சொல்வார்கள்.

பெட் ஸ்கேனில் ஓர் இடம் ஒளிர்ந்தால் புற்றுநோய் என்று பொருளில்லை. சளி, அழற்சி, ஆறாத தழும்பு, அண்மையில் கையில் போட்ட தடுப்பூசி எல்லாமே ஒளிரும். டிபி நெறிக்கட்டியும் ஒளிரும், நம் ஊரில் இதை மறக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனையில் தடித்த எழுத்தில் வரும் எண்ணும் அப்படித்தான். இயல்பு அளவு என்பதே பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேரை வைத்து வகுப்பது, மீதி 5 சதவீதம் பேர் ஆரோக்கியமாகவே வெளியே நிற்பார்கள்.

9. மருத்துவர் முன்னால்

கூட வந்தவர் எழுதட்டும், நீங்கள் கேளுங்கள். நல்ல சேதி என்றால் அடுத்த தேதி, அடுத்த டெஸ்ட், பட்டியலில் மாற்றம் உண்டா என்று கேட்டுக்கொண்டு எழுந்துவிடுங்கள். "இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள், 3-ஆம் படியில் எழுதிய அதே பழக்கம்தான் அது.

தெளிவில்லாத முடிவு என்றால் மூன்று கேள்விகள்: எதை எதிர்பார்த்து இதைக் கவனிக்கிறீர்கள்? அடுத்து எப்போது, எந்த டெஸ்ட்? அதுவரை காத்திருப்பதால் நஷ்டம் உண்டா? கடைசிக் கேள்வியின் பதிலைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த வாரங்களில் உங்களைத் தூங்கவைப்பது அதுதான்.

உண்மையாகவே திரும்பி வந்திருந்தால், அன்றே எல்லா முடிவும் எடுக்கத் தேவையில்லை. அன்றைய வேலை, அடுத்து வர வேண்டிய தேதியையும் செய்ய வேண்டிய டெஸ்டையும் தெரிந்துகொண்டு வீடு வருவது மட்டும்தான். சிகிச்சை பற்றிய கேள்விகளுக்கு மறுபடி நேரம் கேளுங்கள், தருவார்கள்.

நல்ல ரிசல்ட் வந்த அன்று சந்தோஷம் வரவில்லையே என்று பலர் குழம்புகிறார்கள். வாரக்கணக்கில் இறுக்கிப் பிடித்த உடம்பு தளர்கிறது, அசதியும் அழுகையும் வரும். கோயில், விருந்து என்று அன்றே ஏற்பாடு செய்யாதீர்கள், தூங்குங்கள்.

10. எப்போது தனியாகச் சமாளிக்கக் கூடாது

0 என்றால் கவலையே இல்லை, 10 என்றால் தாங்க முடியாத அளவு என்று வைத்துக்கொண்டு, கடந்த ஒரு வாரத்துக்கு ஓர் எண் கொடுங்கள். புற்றுநோய் மருத்துவமனைகளில் பயன்படும் அளவுகோல் இது. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தொடர்ந்து தூக்கமில்லாமல் இருப்பது, சமையலோ வேலையோ செய்ய முடியாமல் போவது, செக்கப்பையே தவிர்ப்பது, மூன்று வாரம் முயன்றும் 4-ஆம் படி நகராமல் நிற்பது ஆகியவையும் அதே கணக்குதான்.

முதலில் புற்றுநோய் மருத்துவரிடமே சொல்லுங்கள். ரத்தசோகை, தைராய்டு கோளாறு, சில மருந்துகள் ஆகியவையும் படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும், அதைப் பார்த்துவிட்டு மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ அனுப்புவார்கள். பெரிய புற்றுநோய் மையங்களில் அங்கேயே ஆலோசகர் இருப்பார். அருகில் வசதி இல்லாவிட்டால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு. இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், எந்தப் படிக்கும் காத்திருக்காமல் அன்றே அழையுங்கள், வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

மனநல மருத்துவரிடம் போகும்போது புற்றுநோய் ஃபைலையும் எடுத்துச் செல்லுங்கள். டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பேராக்ஸிடின், ஃப்ளூஆக்ஸிடின் போன்ற சில மாத்திரைகள், டமாக்ஸிஃபென் உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைக் குறைத்துவிடும். பொருத்தமான வேறு மாத்திரைகள் இருக்கின்றன, தெரிந்தால் அதைத் தருவார். இந்த மாத்திரைகள் பலன் தர இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், சிலருக்குக் கூடுதலாகவும் ஆகும். ஐந்தாம் நாள் "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்துவதும், நன்றாக இருக்கிறது என்று நீங்களாகவே ஒரு நாள் விட்டுவிடுவதும் வேண்டாம். நிறுத்தும் தேதியையும் அவரிடமே கேட்டு, அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.